மனச்சோர்வும் மருந்தும்: தோட்டத் தமிழர் வாழ்வு காட்டும் வரலாறு

உள்ளம் சோர்ந்தவனுக்கு மருந்து உண்டா? உண்டெனின், அதனை எப்போது கொடுப்பது, எப்போது கொடாதிருப்பது? இவ்வினா இன்று உலகெங்கும் மருத்துவர் அவைகளில் எழுந்து நிற்கிறது. சோர்வு போக்கும் மாத்திரைகள் சிறு வருத்தத்துக்கும் எளிதாக எழுதிக் கொடுக்கப்படுகின்றன என்று ஒரு சாரார் குறை கூறுகின்றனர். நோயுற்றோருள் பலர் மருந்தைக் கண்ணாலும் கண்டதில்லையே என்று மற்றொரு சாரார் மறுக்கின்றனர்.

மருத்துவம் கல்லாத தோட்டப் பள்ளித் தலைமையாசிரியன் ஒருவன் இவ்வழக்கில் தலையிடுவானேன் என்று அன்பர்கள் கேட்கலாம். காரணங்கள் இரண்டு உள. இவ்வினாவுக்குரிய விடையின் ஒரு பகுதி நம் தோட்டத் தமிழரின் வரலாற்றிலேயே கிடக்கிறது. அதனை எடுத்துக் காட்டுதல் தமிழாசிரியன் கடன். மேலும், இவ்வினா என் வாழ்வில் இருமுறை குறுக்கிட்டது. இரண்டாம் முறை நான் பெரும் தவறு செய்தேன். அதனை இறுதியில் சொல்வேன்.

தொல்காப்பியர் கேட்ட வினா

தொல்காப்பியப் பொருளதிகாரத்தில் மெய்ப்பாட்டியல் என்னும் இயல் உள்ளதைத் தமிழாசிரியர் அனைவரும் அறிவர். உள்ளத்து உணர்ச்சி உடலின்வழிப் புலப்படும் வகையை அவ்வியல் எட்டாகப் பகுத்துக் காட்டுகிறது. அவ்வெட்டனுள் அழுகையும் ஒன்று. அழுகை என்று பெயர் சொன்ன அளவில் தொல்காப்பியர் நின்றுவிடவில்லை. அது பிறக்கும் இடங்கள் எவை என்றும் வினவினார். இழவு, இளிவு, அசைவு, வறுமை என்னும் நான்கு நிலைக்களன்களை அதற்கு வகுத்தார்.

இழவு என்பது உற்றாரையோ உடைமையையோ இழத்தல். இளிவு என்பது பிறரால் இகழப்பட்டு எளியனாதல். அசைவு என்பது முன்னிருந்த நிலைமை கெட்டு வேறொரு நிலைமையில் வருந்துதல். வறுமை என்பது வேண்டுவன பெறாமை. உரையாசிரியர்கள் இவற்றை இவ்வாறே விரிப்பர்.

ஈண்டு நாம் கருதத்தக்கது ஒன்றுண்டு. இந்நான்கும் நோயின் பெயர்களல்ல. வாழ்வில் நேரும் நிகழ்ச்சிகளின் பெயர்கள். மனிதனுக்கு வெளியே ஒன்று நிகழ்கிறது. அதனால் அவன் அழுகிறான். அழுபவனைக் கண்டால் முதலில் கேட்கவேண்டிய வினா, ‘இவ்வழுகை எங்கிருந்து வந்தது?’ என்பதே ஆகும்.

வள்ளுவர் நூலின் அமைப்பும் இக்கருத்துக்குத் துணை நிற்கிறது. துன்பத்தால் நிலைகுலையாமையைக் கூறும் ‘இடுக்கண் அழியாமை’ 63ஆம் அதிகாரம். ‘மருந்து’ 95ஆம் அதிகாரம். இடையே 31 அதிகாரங்கள் நிற்கின்றன. துன்பம் வேறு, நோய் வேறு என்ற பகுப்பு நம் முன்னோர்க்குத் தெளிவாக இருந்தது. மருந்தைக் கூறுமிடத்தும், நோய் இன்னது என்றும் அது வந்த வழி இன்னது என்றும் ஆராய்ந்த பின்னரே மருத்துவன் செயலில் இறங்கவேண்டும் என்பதே வள்ளுவர் கொள்கை. இந்த அளவுகோலைக் கையிற் கொண்டு நம் தோட்ட வரலாற்றைக் காண்போம்.

தோட்டத்தில் விளைந்த நால்வகை அழுகை

ஜொகூரின் ரப்பர்த் தோட்டங்களுக்கு நம் பாட்டன்மார் கங்காணிகளின் சொல்லை நம்பிக் கப்பலேறி வந்தனர். 1938ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கம் உடலுழைப்புத் தொழிலாளரின் குடியேற்றத்துக்குத் தடை விதிக்கும்வரை இவ்வரவு ஏறியும் இறங்கியும் நடந்துகொண்டே இருந்தது. தாயை விட்டு வந்தவன் அவள் இறந்த செய்தியைப் பல மாதம் கழிந்து அஞ்சலில் அறிந்தான். அது இழவு. 1942, 1943ஆம் ஆண்டுகளில் சயாம் இரயில் பாதைக்கென்று ஜப்பானியர் தோட்டங்களிலிருந்து பல பதினாயிரம் தமிழரைக் கொண்டு சென்றனர். திரும்பாதவர் தொகை பெரிது. லயங்களில் தாலியறுத்த பெண்கள் மறுநாளும் பால் வாளியைத் தூக்கிக்கொண்டு பிரட்டுக் களத்துக்குப் போனார்கள். அதுவும் இழவே.

துரை எதிரே வந்தால் சைக்கிளைவிட்டு இறங்கி நிற்கவேண்டும் என்ற வழக்கம் இருந்தது. அது இளிவு. விடுதலைக்குப் பின் பெருந்தோட்டங்கள் பல துண்டாடி விற்கப்பட்டன. 1969ஆம் ஆண்டில் வேலை அனுமதிச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, குடியுரிமை பெறாத ஆயிரக்கணக்கானோர் பிறந்த பிள்ளைகளுக்கும் பழக்கமில்லாத ஊருக்குத் திரும்பினர். 1980ஆம் ஆண்டுகளுக்குப் பின் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய் வீடமைப்பும் தொழிற்சாலையும் வந்தன. கோயிலும் பள்ளியும் பந்துத் திடலும் சூழ வாழ்ந்தவர்கள் மாசாய், ஸ்கூடாய், பாசிர் கூடாங் போன்ற இடங்களில் அடுக்குமாடி வீட்டின் நாலாம் மாடியில் யாரும் அறியாதவராயினர். இதுவே அசைவு. இதனினும் பொருத்தமான எடுத்துக்காட்டு மெய்ப்பாட்டியலுக்குக் கிடைப்பது அரிது. நாட்கூலியில் காலம் கழித்தவர்க்கு வறுமையை விளக்க வேண்டுவதில்லை.

ஆக, நால்வகை நிலைக்களனும் ஒருங்கே அமைந்த இடம் தோட்டம். அங்கே அழுதவனுக்குக் கொடுக்கப்பட்டது என்ன?

கள்ளுக்கடை என்னும் முதல் மருந்துக்கடை

தோட்டத்தில் பள்ளி இல்லாதிருக்கலாம். கள்ளுக்கடை இல்லாத தோட்டம் அரிதாக இருந்தது. அது திருட்டுத்தனமாக நடந்ததன்று. உரிமம் பெற்று, மேலாளர் அறிய, ஒழுங்காக நடந்தது. கடையின் ஆதாயத்தைத் தொழிலாளர் நலத்துக்குச் செலவிடும் ஏற்பாடும் சில இடங்களில் இருந்தது. குடித்தவன் பணம் சுற்றிவந்து அவன் பிள்ளைக்குப் பந்தாகவும் திருவிழாவுக்குப் பந்தலாகவும் ஆயிற்று. உழைத்துக் களைத்தவனுக்குச் சிறிது கள் நல்லது, அவனை அமைதியாக வைத்திருக்கும் என்பது தோட்டத் துரைமார் பலரின் கருத்து.

அமைதியாக வைத்திருக்கும் என்ற இச்சொல்லை அன்பர்கள் ஊன்றிக் கருதவேண்டும். வருத்தத்தின் காரணம் மாறவில்லை. வருந்துபவன் வாய் மட்டும் மூடப்பட்டது. இதனை நம்மவர் உணராமற் போகவில்லை. 1941ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் மூண்டபோது, ஆர். எச். நாதன் முதலியோர் முன்வைத்த கோரிக்கைகளுள் கூலி உயர்வு இருந்தது. சைக்கிளைவிட்டு இறங்கும் வழக்கத்தை ஒழிக்கவேண்டும் என்பது இருந்தது. கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்பதும் இருந்தது. வறுமை, இளிவு, அவற்றை மறக்கக் கொடுக்கப்பட்ட போலி மருந்து ஆகிய மூன்றையும் அத்தொழிலாளர் ஒரே தாளில் எழுதிவைத்தனர். நாதன் நாடு கடத்தப்பட்டார். போருக்குப்பின் கெடாவில் தொண்டர் படையினர் 1947ஆம் ஆண்டில் கள்ளுக்கடைகளின் முன்னே மறியல் செய்து, போலீசாரோடு மோதும் நிலைக்கும் ஆளாயினர். பின்னாளில் கள்ளின் இடத்தைச் சம்சு பிடித்துக்கொண்டது. அதனை எதிர்த்தும் இயக்கங்கள் நடந்தன.

கள்ளையும் மருத்துவர் கொடுக்கும் மாத்திரையையும் ஒன்றெனக் கூறுவது என் நோக்கமன்று. கள் மயக்குவது, மாத்திரை ஆராய்ந்து செய்யப்பட்டது. ஆயினும் காரணத்தைக் கேளாமல் கையில் ஒன்றைக் கொடுத்தனுப்பும் பழக்கம் நமக்குப் புதிதன்று என்பதற்கு இவ்வரலாறு சான்றாகும். அம்மாத்திரை பிறந்த கதை இனி.

காசநோய் மருந்தில் பிறந்த களிப்பு

சோர்வு போக்கும் மருந்துகளை யாரும் தேடிக் கண்டுபிடிக்கவில்லை. வேறொன்றைத் தேடியபோது அவை வந்து வாய்த்தன. 1952ஆம் ஆண்டில் நியூயார்க் நகரின் ஸ்டேட்டன் தீவிலிருந்த சீவியூ மருத்துவமனையில் ஐப்ரோனயாசிட் என்னும் புதுமருந்து காசநோயாளருக்குக் கொடுக்கப்பட்டது. படுக்கையோடு கிடந்தவர்கள் எழுந்து நடந்தார்கள். உணவை விரும்பிக் கேட்டார்கள். சிலர் கூடத்தில் ஆடிப்பாடினர் என்று செய்தித்தாள்கள் படத்தோடு எழுதின. நேதன் கிளைன் என்னும் மனநோய் மருத்துவர் 1957ஆம் ஆண்டில் இதனைச் சோர்வு நோயாளருக்குக் கொடுத்துப் பயன் கண்டார். செய்தி பரவிற்று. அடுத்த ஓராண்டில் 4 லட்சம் பேர்வரை சோர்வுக்காக அம்மருந்தை உட்கொண்டனர் என்று மருத்துவ வரலாற்று ஆசிரியர்கள் எழுதியுள்ளனர். அது கடைக்கு வந்தது காசநோய் மருந்தாகவே என்பதை நினைவிற் கொள்ளவேண்டும். பின்னர் அது சிலருடைய ஈரலைக் கெடுத்து மஞ்சள்காமாலையை உண்டாக்குவது தெரியவந்து, அமெரிக்காவில் 1961ஆம் ஆண்டில் கைவிடப்பட்டது. எளிதாகக் கொடுத்தல் என்னும் குற்றச்சாட்டு, இம்மருந்துகள் பிறந்த நாளிலேயே உடன்பிறந்தது எனலாம்.

அதே காலத்தில் சுவிட்சர்லாந்தில் ரோலண்ட் கூன் என்னும் மருத்துவர், சித்தப்பிரமைக்கு ஆகும் என்று கருதித் தரப்பட்ட இமிப்ரமைன் என்னும் மருந்தைச் சோதித்தார். சித்தப்பிரமைக்கு அது உதவவில்லை. கடுஞ்சோர்வில் ஆழ்ந்தோரை எழுப்பிற்று. 1957ஆம் ஆண்டில் அவர் முடிவை வெளியிட்டார். கூன் இம்மருந்தை எல்லா வருத்தத்துக்கும் உரியது என்று கூறவில்லை. காலையில் கண்விழிக்கும்போதே மலையைச் சுமப்பதுபோன்ற பாரம், நடையிலும் சொல்லிலும் மந்தம், எதிலும் களிப்பின்மை ஆகிய குறிகள் உடையோர்க்கே இது சிறப்பாக உதவுகிறது என்றார். மருந்தைக் கண்டவரே அதற்கு வேலியும் கட்டினார்.

இக்கதையில் இந்திய நாட்டுக்கும் ஓர் இடமுண்டு. நம் நாட்டு மருத்துவத்தில் நெடுங்காலம் வழங்கிவந்த சர்ப்பகந்தா வேரைப் பற்றிக் கணநாத சேனும் கார்த்திக் சந்திர போசும் 1931ஆம் ஆண்டில் எழுதினர். பம்பாயின் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949ஆம் ஆண்டில் இரத்தக் கொதிப்புக்கு அது உதவுவதை மேல்நாட்டு ஏட்டில் எடுத்துரைத்தார். 1952ஆம் ஆண்டில் அவ்வேரிலிருந்து ரெசர்பைன் பிரித்தெடுக்கப்பட்டது. அதனை உண்டவருள் சிலர் சோர்வில் வீழ்ந்தனர் என்று மருத்துவர் பதிவு செய்தனர். ரெசர்பைன் மூளையிலுள்ள செரட்டோனின் முதலிய பொருள்களைக் குறைக்கிறது என்பது 1955ஆம் ஆண்டில் தெரிந்தது. இவ்விரண்டையும் இணைத்து, மூளையில் இப்பொருள்கள் குறைவதே சோர்வுக்குக் காரணம் என்ற கொள்கை வளர்ந்தது. உப்புக் குறைந்த குழம்பில் உப்பிடுவதுபோலக் குறைந்ததை மாத்திரையால் நிரப்பலாம் என்று மக்களுக்கு எளிமையாகச் சொல்லப்பட்டது. ஆனால் 2022ஆம் ஆண்டில் வெளிவந்த விரிவான ஆய்வுத் தொகுப்பொன்று, செரட்டோனின் குறைவால் சோர்வு வருகிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்று கூறிற்று. மருந்து வேலை செய்வது வேறு. அது வேலை செய்யும் வழிக்கு நாம் சொல்லும் காரணம் வேறு. காய்ச்சல் மாத்திரையால் தலைவலி தீர்கிறது என்பதால், அம்மாத்திரை உடலில் குறைந்ததால்தான் தலைவலி வந்தது என்று யாரும் முடிவு கட்டுவதில்லை.

நோயும் சேர்த்து விற்கப்பட்டது

1950ஆம் ஆண்டுகளில் சோர்வுநோய் அரிதான நோயாகவே கருதப்பட்டது. ஆதலின் மருந்துக்கு வாணிகம் உண்டா என்ற ஐயம் மருந்து நிறுவனங்களுக்கே இருந்தது. 1961ஆம் ஆண்டில் அமிட்ரிப்டிலின் வெளிவந்த காலத்தில், சோர்வு நோயாளரை அடையாளங்காண்பது பற்றி ஃபிராங்க் ஏய்ட் என்னும் மருத்துவர் நூலொன்று எழுதினார். மெர்க் நிறுவனம் அந்நூலில் 50,000 படிகளை விலைக்கு வாங்கி மருத்துவர்களுக்கு வழங்கிற்று. நூல் நல்ல நூல்தான்; ஆயினும் மருந்தை விற்பதற்குமுன் நோயைப் பற்றிய எண்ணத்தை விதைக்கவேண்டும் என்ற வாணிகப் பாடம் அன்று கற்கப்பட்டது.

1963ஆம் ஆண்டில் வேலியம் வந்தது. அது கவலையை அடக்கும் மாத்திரை. பழக்கத்துக்கு அடிமையாக்கும் என்பது பின்னரே நன்கு உணரப்பட்டது. 1987ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்க அரசாங்கம் புரோசாக் என்னும் ஃபுளுவாக்செட்டினுக்கு ஒப்புதல் அளித்தது. பழைய மருந்துகளை அளவு மீறி உண்டால் உயிருக்கு இறுதி. புதியதில் அத்தகைய இடர் குறைவு. அதனால் மனநோய் மருத்துவர் மட்டுமின்றிப் பொது மருத்துவரும் அஞ்சாமல் எழுதத் தொடங்கினர். ஜப்பானில் 2000ஆம் ஆண்டில் இவ்வகை மருந்தொன்று அறிமுகமானபோது, சோர்வு என்பது ‘உள்ளத்துக்கு வரும் சளி’ என்று விளம்பரம் செய்தார்கள். சளியென்றால் யாருக்கும் வரும், வெட்கப்பட வேண்டியதில்லை, மாத்திரையும் போட்டுக்கொள்ளலாம். வெட்கத்தை நீக்கியது நன்மை. வருத்தத்தையெல்லாம் சளியாக்கியது தீமை.

இனி, மருந்து பயன்படுகிறதா என்ற வினா. 2018ஆம் ஆண்டில் லான்செட் ஏட்டில் வந்த பேராய்வு 522 சோதனைகளையும் அவற்றிற் பங்குகொண்ட 1,16,477 பேரையும் கணக்கிட்டது. சோதிக்கப்பட்ட 21 மருந்துகளும் வெற்று மாத்திரையைவிட மேலானவை என்று கண்டது. எனினும் பெரும்பாலானவற்றின் மேன்மை நடுத்தரமே. 2010ஆம் ஆண்டின் மற்றோர் ஆய்வு, நோய் கடுமையாக உள்ளவர்க்கே மருந்தின் பயன் தெளிவாகப் புலப்படுகிறது என்றும், இலேசான சோர்வுடையார்க்கு வெற்று மாத்திரைக்கும் மருந்துக்கும் வேறுபாடு மிகச் சிறிது அல்லது இல்லை என்றும் காட்டிற்று. இவற்றையெல்லாம் சீர்தூக்கிய இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டு நிறுவனம் 2022ஆம் ஆண்டில் ஒரு விதி கூறியது: கடுமை குறைந்த சோர்வுக்கு, நோயாளரே விரும்பினாலன்றி, மாத்திரையை முதல் மருத்துவமாக வழக்கமாகக் கொடுத்தலாகாது. 1957ஆம் ஆண்டில் கூன் கட்டிய வேலியை அறுபத்தைந்து ஆண்டு சுற்றி மீண்டும் வந்தடைந்தோம்.

கோவாவில் நடந்த இரு சோதனைகள்

இவையெல்லாம் மேல்நாட்டு ஆய்வுகள். நம்மவர்க்குப் பொருந்துமா என்று கேட்பது நியாயம். இந்தியாவில் கோவா மாநிலத்தில் விக்ரம் பட்டேல் என்னும் மருத்துவரும் அவர் குழுவினரும் நடத்திய இரு சோதனைகள் இங்கே துணை செய்யும்.

முதலாவதன் முடிவு 2003ஆம் ஆண்டில் வெளிவந்தது. மாவட்ட மருத்துவமனைகளின் புறநோயாளர் 450 பேரை மூன்றாகப் பிரித்து, ஒரு பிரிவினர்க்குச் சோர்வு மருந்தும், ஒரு பிரிவினர்க்கு வெற்று மாத்திரையும், ஒரு பிரிவினர்க்கு உரையாடல்வழி மருத்துவமும் தந்தனர். இரண்டு மாதத்தில் மருந்துண்டவரே மேலான நலம் பெற்றனர். அன்று கையாண்ட உரையாடல் முறை வெற்று மாத்திரையை விஞ்சவில்லை. மருந்தை வெறுப்போர் இம்முடிவை மறைத்தல் கூடாது.

குழுவினர் அத்துடன் நின்றுவிடவில்லை; உரையாடும் முறையைத் திருத்தினர். பட்டம் பெறாத, ஆனால் பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரரைக் கொண்டு, சோர்ந்தவர்க்கு நாள்தோறும் செய்யத்தக்க சிறு செயல்களை வகுத்து, ஆறுமுதல் எட்டு அமர்வுகளில் உடனிருந்து நடத்துவித்தனர். ஆரம்பச் சுகாதார நிலையங்களுக்கு வந்த 495 பேரிடம் சோதித்து 2016ஆம் ஆண்டின் இறுதியில் முடிவை வெளியிட்டனர். மூன்று மாதத்தில், இவ்வுதவி பெற்றோருள் நூற்றுக்கு 64 பேர் நோய்நீங்கினர். வழக்கமான மருத்துவம் மட்டும் பெற்றோருள் நூற்றுக்கு 39 பேரே நீங்கினர். பங்கு கொண்டவர்கள் கடுமையான சோர்வுடையவர்கள் என்பது குறிப்பிடத்தக்கது.

இவ்விரண்டினாலும் பெறப்படுவது யாது? மருந்து வேலை செய்கிறது. முறையாகப் பயின்ற மனிதத் துணையும் வேலை செய்கிறது. எது யாருக்கு என்பதைக் கேட்டறியவே நேரம் வேண்டும். அந்நேரம்தான் நம்மிடம் பஞ்சமாகிவிட்டது.

தம்போய் என்னும் வசைச்சொல்

மேலே கூறியவற்றால், நம் நாட்டில் எல்லாருக்கும் மாத்திரை வாரி வழங்கப்படுகிறது என்று எண்ணிவிடலாகாது. இதற்கு மறுபக்கம் ஒன்று ஜொகூரிலேயே நிற்கிறது.

ஜொகூர் பாருவை அடுத்த தம்போயில் 1937ஆம் ஆண்டில் மனநோய் மருத்துவமனை திறக்கப்பட்டது. 1941ஆம் ஆண்டின் இறுதியில் ஆஸ்திரேலியப் படையின் மருத்துவமனை அங்கே இடங்கொண்டது. போர் முடிந்தபின் அது மீண்டும் மனநோயாளர்க்குரியதாயிற்று. இன்று பெர்மாய் மருத்துவமனை என்பது அதன் பெயர். நான் சிறுவனாயிருந்தபோது எங்கள் தோட்டத்தில் அது மருத்துவமனையின் பெயராக வழங்கவில்லை, வசையாக வழங்கிற்று. ‘இவனைத் தம்போய்க்கு அனுப்பணும்’ என்று சிறு பிள்ளைகளும் ஒருவரையொருவர் திட்டிக்கொள்வோம். வடக்கே இருப்போர்க்கு 1911ஆம் ஆண்டில் தோன்றிய தஞ்சோங் ரம்புத்தான் அவ்வாறே வசையாயிற்று, சிங்கப்பூரார்க்கு ஊட்பிரிட்ஜ், சென்னையார்க்குக் கீழ்ப்பாக்கம். நோய் தீர்க்கும் இடத்தின் பெயரை வசையாக்கிய சமுதாயத்தில், நோயாளி எவ்வாறு அவ்விடத்தை நாடுவான்?

நாடாததன் விளைவு கடுமையானது. கேமரன் மலை வட்டாரத்தில் தற்கொலையை ஆராய்ந்து 1988ஆம் ஆண்டில் வெளிவந்த மருத்துவக் கட்டுரை, அங்கு வாழ்ந்த இந்தியரிடையே அது மிகுந்திருப்பதை எடுத்துக்காட்டிற்று. தற்கொலைக்கு முயன்று பிழைத்தவனைக் குற்றவாளியாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு 2023ஆம் ஆண்டில்தான் நீக்கப்பட்டது. அதுவரை, பிழைத்தவன் மருத்துவரிடம் உண்மை சொல்லவும் அஞ்சினான். நாட்டின் உடல்நல ஆய்வுக் கணக்கின்படி 2019ஆம் ஆண்டில் நூற்றுக்கு 2.3 பேரிடம் காணப்பட்ட சோர்வுநோய் 2023ஆம் ஆண்டில் 4.6 ஆயிற்று, 16 வயதுக்கு மேற்பட்டோருள் ஏறத்தாழ 10 லட்சம் பேர்.

ஆகவே நம் நாட்டில் இரு பிழைகளும் அருகருகே வாழ்கின்றன. கிளினிக்கில் ஐந்து நிமிடத்தில் ஒருவருக்கு மாத்திரை கிடைக்கிறது. அடுத்த வீட்டில் மாத்திரை தேவைப்படுபவர் கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கிறார். இவ்விரு பிழைக்கும் வேர் ஒன்றே: யாரும் உட்கார்ந்து கேட்கவில்லை.

என் தவறு

சில ஆண்டுகளுக்குமுன் என் மனைவி காலமானாள். உறக்கம் போயிற்று, சோறு இறங்கவில்லை. நகரத்துக் கிளினிக் ஒன்றுக்குச் சென்றேன். தூக்கம் உண்டா, பசி உண்டா என்று மருத்துவர் கேட்டார். வீட்டில் என்ன நடந்தது என்று கேட்கவில்லை; நானும் சொல்லவில்லை. வெளியே இருபது பேர் காத்திருந்தனர். அவரைக் குறை சொல்லேன். சோர்வு மாத்திரைகளோடு வீடு திரும்பினேன். அவற்றை நான் பிரிக்கவேயில்லை. எங்கள் தோட்டத்தில் முன்பு டிரஸராக இருந்து ஓய்வு பெற்ற முதியவர் ஒருவர் ஒரு மாதகாலம் மாலைதோறும் வந்து உட்கார்ந்தார். ‘அம்மா அந்தக் காலத்தில் எப்படி இருப்பாங்க, சொல்லுங்க ஐயா’ என்பார். சொல்லச் சொல்ல அழுதேன்; அழ அழத் தேறினேன். என் அழுகையின் நிலைக்களன் இழவு. அதற்குரிய மருந்து, கேட்கும் செவியாயிருந்தது.

அதற்குச் சில ஆண்டு கழித்து என்னோடு பணியாற்றிய இளைய ஆசிரியர் ஒருவர் சோர்வுற்றார். அவர் இசைவு பெற்றே இதனை எழுதுகிறேன். அவருக்கு இழவில்லை, இளிவில்லை, பதவி உயர்வு கிடைத்திருந்தது, பிள்ளைக்குப் பல்கலைக்கழகத்தில் இடமும் கிடைத்திருந்தது. ஆனால் காலையில் படுக்கையைவிட்டு எழ முடியவில்லை. வகுப்பில் சொல் தடுமாறிற்று. உடல் மெலிந்தது. தாம் எல்லாருக்கும் பாரம் என்று சொல்லத் தொடங்கினார். அரசாங்க மருத்துவமனையில் நன்கு விசாரித்து மாத்திரை கொடுத்தனர். ஆறு வாரத்தில் முகம் தெளிந்தது.

ஒருநாள் அவர் என்னிடம், ‘ஐயா, இதை எத்தனை நாளைக்குச் சாப்பிடுவது?’ என்றார். ‘விட்டுவிடு தம்பி. நான் தொட்டேனா? மனந்தான் காரணம். நல்ல நூல்களைப் படி, மனத்தைத் திடப்படுத்து’ என்றேன். தலைமையாசிரியன் சொல் என்று மதித்து அன்றே நிறுத்தினார். தலைசுற்றலும் உறக்கமின்மையும் முதலில் வந்தன. இரண்டு மாதத்தில் பழைய இருளும் வந்தது. ஓர் இரவு அவர் மனைவி விழித்திருந்து கவனித்திராவிட்டால் இன்று அவர் இல்லை. மீண்டும் மருத்துவமனை, மீண்டும் மாத்திரை, அதனோடு பயின்ற ஒருவரிடம் உரையாடல். ஓராண்டுக்குப்பின், மருத்துவர் சொற்படி மெல்ல மெல்லக் குறைத்து நிறுத்தினார். இன்று நலமாகப் பாடம் நடத்துகிறார்.

நான் செய்த தவறு யாது? என் அழுகையை அளவுகோலாகக் கொண்டு அவர் அழுகையை அளந்தேன். நாலு நிலைக்களனுள் எதுவும் இல்லாமல், அல்லது காரணம் நீங்கிய பின்னும் நீங்காமல், உடலையும் ஊணையும் உறக்கத்தையும் பற்றிக்கொண்டு நிற்கும் சோர்வு நோயாகும் என்பதை அறிந்திருந்தும் மறந்தேன். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் உளவியல் பாடத்தில் தேர்ச்சி பெற்றவன் நான். எனக்கு மாத்திரை கொடுத்தவரும் கேட்கவில்லை. அவரிடமிருந்து மாத்திரையைப் பறித்த நானும் கேட்கவில்லை. இருவருள் என் பிழையே பெரிது.

ஆசிரியர் செய்யத்தக்கன

மருந்தைக் கொடுப்பதும் நிறுத்துவதும் மருத்துவர் தொழில். ‘விருந்தும் மருந்தும் மூன்று நாள்’ என்ற பழமொழி இம்மருந்துக்குப் பொருந்தாது. இதன் பயன் தெரியச் சில வாரங்கள் ஆகும்; நலமானபின்னும் சில மாதங்கள் தொடரவேண்டும்; நிறுத்தும்போது மருத்துவர் மேற்பார்வையில் படிப்படியாகக் குறைக்கவேண்டும். இதனை அறியாதார் அறிவுரை கூறாதிருத்தலே நலம்.

ஆனால் காரணம் கேட்பது யாவருக்கும் உரிய தொழில். மாணவன் ஒருவன் பல நாள் முகம் வாடியிருந்தால் உட்கார வைத்துக் கேட்போம். வீட்டில் சாவு நிகழ்ந்ததா? வகுப்பில் யாரேனும் இகழ்ந்தனரா? தோட்டத்தைவிட்டு நகருக்குக் குடிபெயர்ந்த வருத்தமா? காலையில் பசியோடு வருகிறானா? இவற்றுக்கு மாத்திரை விடையாகாது. பசித்தவனுக்குச் சோறும், இகழப்பட்டவனுக்குத் துணையும், இழந்தவனுக்குச் செவியும் வேண்டும். இவை எதனாலும் தேறாமல் வாரக்கணக்கில் வாடுபவனையும், சாவைப் பற்றிப் பேசுபவனையும் தாமதியாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லவேண்டும். அவனோடு உடன் செல்லவேண்டும். 15555 என்னும் அரசாங்க உதவி எண்ணைப் பள்ளிப் பலகையில் எழுதி வைத்தாலும் ஓர் உயிருக்கு உதவும். தம்போயின் பெயரை வசையாகச் சொல்லும் பிள்ளையைக் கண்டால், அவனை அடக்குவதோடு நில்லாமல், அவ்விடத்தின் பணியை எடுத்துச் சொல்லவேண்டும்.

சோர்வு மருந்து எளிதாகக் கொடுக்கப்படுகிறதா என்ற வினாவுக்கு என் விடை இது: கேளாமல் கொடுத்தால் ஒரு மாத்திரையும் மிகை, கேட்டறிந்து கொடுத்தால், தேவைப்படும் அளவு மிகையாகாது. மெய்ப்பாட்டியல் நடத்தும்போது, தேர்வுக்காக நாலு நிலைக்களனையும் மனப்பாடம் செய்விக்கிறோம். இனி அவற்றை மாணவர் முகத்திலும் படிக்கப் பழகுவோம்.